பெரியவர்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் போவது: காப்பீடு இல்லாமல் பெங்களூரில் என்ன செய்வது?

ஒக்கலிபுரம்_ரவி

வீட்டுப் பெரியவர், வயது 68, எடை 58 கிலோ. நாலு மாதமாக ராத்திரி தூக்கத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. பகலில் அடிக்கடி பாத்ரூம் போகிறார், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. பி.பி.க்கு ஆம்லோடிபின் 5 சாப்பிடுகிறார். காப்பீடு கிடையாது. ரேஷன் கார்டு ஏ.பி.எல்., அதாவது வறுமைக் கோட்டுக்கு மேல். டயப்பருக்கே மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போகிறது. எந்த டயப்பர் நன்றாகத் தாங்கும், இதை நிறுத்த மாத்திரை ஏதும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெளியில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வார்டு_சிஸ்டர்

ரவி தம்பி, டயப்பரைப் பற்றி அப்புறம் பேசலாம். மாத்திரை இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஏன் போகிறது என்று தெரியாமல் வாங்கும் மாத்திரை இந்த வயதில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பெரியவர்களுக்குப் படுக்கை நனைவதற்கு அடிப்படையில் மூன்று வழிதான். ராத்திரியில் சிறுநீர் அளவுக்கு மேல் உற்பத்தியாகிறது. அல்லது சிறுநீர்ப்பை அதைப் பிடித்து வைக்க முடியாமல் சுருங்குகிறது. அல்லது பை காலியாகவே ஆகாமல் நிரம்பி வழிகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றுக்கு விஷம். எது என்று கண்டுபிடிக்க முதல் மூன்று நாளைக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒரு பழைய பிளாஸ்டிக் அளவு ஜாடி, அரை லிட்டரோ ஒரு லிட்டரோ, கோடு போட்டது. ஒரு நோட்டு. சமையலறையில் மாவு எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு. மூன்று நாள், 24 மணி நேரமும், ஒவ்வொரு முறை போகும்போதும் ஜாடியில் பிடித்து மணியையும் அளவையும் எழுதுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். காபி, ரசம், மோர் எல்லாம் கணக்கில் வரும். ராத்திரிக்கு டயப்பரைக் கட்டும் முன் எடை போடுங்கள், காலையில் கழற்றியதும் எடை போடுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ ஏறத்தாழ அத்தனை மில்லி லிட்டர்.

கணக்குப் பார்க்கும்போது பலர் தப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு. படுக்கப் போகும் முன் போவது பகல் கணக்கு. காலையில் எழுந்ததும் முதலில் போவது ராத்திரிக் கணக்கு, ஏனென்றால் அது தூங்கும்போது ஊறியது. அந்த முதல் சிறுநீர், டயப்பரில் போனது, நடுவில் எழுந்து போனது மூன்றையும் கூட்டுங்கள். 65 வயதுக்கு மேல் இருப்பவருக்கு அது ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ராத்திரி உற்பத்தி அதிகம் என்று அர்த்தம். இளவயதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதிகம். மொத்தம் கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல் போனால், உங்கள் பெரியவருக்கு 2,300ஐத் தாண்டினால், ராத்திரி பகல் என்று இல்லாமல் நாள் முழுக்கவே அதிகம். அப்போது முதல் சந்தேகம் சுகர்தான்.

ஒவ்வொரு முறையும் 100, 120 என்று மட்டுமே வருகிறது, அவசரமாக முட்டுகிறது என்றால் பை சுருங்குகிறது. கொஞ்சமாக வருகிறது, முக்க வேண்டியிருக்கிறது, தாரை மெலிந்துவிட்டது, அப்படியிருந்தும் ராத்திரி நனைகிறது என்றால் பை நிரம்பி வழிகிறதோ என்று பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு அந்தக் கவலைதான். வலி இல்லாமலே மாதக்கணக்கில் தேங்கும், அதனால்தான் ஏமாற்றும்.

இவற்றுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சி: சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு புடைத்தால், இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடம் மரத்துப் போனால், கால் திடீரென்று பலம் இழந்தால், காய்ச்சலும் குளிரும் விலாவலியும் சேர்ந்து வந்தால். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு தடவைதானே என்று விடாமல் அந்த வாரத்திலேயே காட்ட வேண்டும்.

சீட்டுக்கு_மருந்து

மருந்துக்கடைப் பக்கம் இருந்து சில விஷயங்கள். புதிதாக நனைய ஆரம்பித்தால், அதற்கு முந்திய மூன்று மாதத்தில் எந்த மாத்திரை சேர்ந்தது, எது மாறியது என்று முதலில் பாருங்கள்.

ஆம்லோடிபின் சிலருக்குக் கால் வீங்க வைக்கும். பகலில் காலில் இறங்கி நிற்கும் நீர், ராத்திரி படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக வெளியே வரும். சாயங்காலம் கணுக்காலில் விரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள், குழி நிற்கிறதா என்று. நின்றால் மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கிப் படுக்கச் சொல்லுங்கள், அந்த நீர் பகலிலேயே போய்விடும்.

நீர் பிரியும் மாத்திரையை ராத்திரி போடுகிறவர்கள் உண்டு. அதை மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, கூடவே தண்ணீரும் போகும். காலையில் போட வேண்டியதை ராத்திரி போட்டால் படுக்கை நனையத்தான் செய்யும். தூக்க மாத்திரை, மனநல மாத்திரைகளில் சில, குறிப்பாகக் குளோசபின், இதற்குப் பெயர் போனவை. இவற்றில் எதையும் தானாக நிறுத்தாதீர்கள். பட்டியலை எடுத்துப் போய்க் காட்டினால் போதும்.

இன்னொன்று, பெங்களூர்க் குளிரில் எல்லா வீட்டிலும் இருக்கும் சளி மாத்திரை. குளோர்ஃபெனிரமின், சூடோஎபெட்ரின் சேர்ந்தவை புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) பெரிதான ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். ‘சளிக்கு ஒரு மாத்திரை கொடுங்க’ என்று கடையில் கேட்கும்போது வயதையும் புராஸ்டேட் பிரச்சினையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அல்சூர்_செல்வி

எங்கள் பக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்பார்கள். எள்ளும் வெல்லமும் உருட்டிக் கொடுப்பதும் வழக்கம். அது பலிக்குமா?

வார்டு_சிஸ்டர்

செல்வி அக்கா, எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், கொடுங்கள். சுகர் இருந்தால் வெல்லம் கணக்கில் வரும். ஆனால் அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது.

தண்ணீரை அடியோடு நிறுத்துவதுதான் தப்பு. நாள் முழுக்க ஒன்றரை லிட்டருக்குக் கீழே போனால் சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிச்சல்படுத்தும், மலம் கட்டும். கட்டிய மலம் பையை அழுத்தும், நனைவது கூடும். அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். முக்கால் பங்கு சாயங்காலம் ஐந்துக்குள் உள்ளே போகட்டும். ராத்திரிச் சாப்பாட்டோடு அரை டம்ளர், படுக்க இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து மாத்திரை விழுங்க மட்டும் வாய்த் தண்ணீர். காபி, டீ நாலு மணியோடு சரி. இதயம், சிறுநீரக நோயால் டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான் சட்டம்.

உப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராத்திரி அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று போனால் உடம்பு அந்த உப்பை ராத்திரியே தண்ணீரோடு வெளியேற்றும். ராத்திரி உற்பத்தி அதிகம் என்று நோட்டில் தெரிந்தவர்கள் இரண்டு வாரம் ராத்திரி உப்பைக் குறைத்துவிட்டு மறுபடி எடை போட்டுப் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று, குறட்டை. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் அது தூக்க மூச்சடைப்பு. இதயத்தில் அழுத்தம் ஏறி, சிறுநீரை அதிகம் போகச் செய்யும் ஹார்மோன் சுரக்கும். சிறுநீர் டாக்டரிடம் எத்தனை முறை போனாலும் மூச்சைச் சரி செய்யாமல் இது நிற்காது.

கார்டு_கவுண்டர்

காசு விஷயத்துக்கு வருகிறேன். காப்பீடு இல்லை என்று சொல்பவர்களில் பலருக்கு ஏதோ ஒரு உரிமை இருக்கும், தெரியாமல் இருப்பார்கள்.

முதலில் இ.எஸ்.ஐ., தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. வீட்டில் யாராவது மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தம் இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் அப்பா அம்மாவுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மெண்ட்ஸ் வேலையில் பிடித்தம் நடந்துகொண்டே இருக்கும், குடும்பத்தார் பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். பெயர் சேர்த்தால் ராஜாஜிநகர், இந்திராநகர், பீன்யா இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் ஓ.பி.யும் மருந்தும் உட்பட இலவசம். ஓ.பி. செலவு அடங்கும் வழி இது என்பதால் இந்த நோய்க்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அடுத்து அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகா. பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) கார்டுக்குக் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஏ.பி.எல். கார்டுக்கு சிகிச்சைப் பேக்கேஜ் தொகையில் 30 சதவீதம் அரசு தரும், வருடம் ஒன்றரை லட்சம் வரை. ரவி அண்ணா, உங்களுக்கு இரண்டாவது பொருந்தும். இதில் புரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. இது படுத்துச் சிகிச்சை பெறுவதற்கும் அறுவைக்கும்தான், வெளிநோயாளிப் பரிசோதனைக்கும் டயப்பருக்கும் இல்லை. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கே முடியாவிட்டால் அவர்கள் தரும் ரெஃபரல் சீட்டோடுதான் பட்டியலில் உள்ள தனியாருக்குப் போகலாம். நேராகத் தனியாரில் சேர்ந்துவிட்டு அப்புறம் கார்டைக் காட்டுவது, எமர்ஜென்சி தவிர, பெரும்பாலும் நிற்காது.

எங்கே போவது? சாதாரண சுகர், சிறுநீர்ப் பரிசோதனைக்கு வார்டில் உள்ள அரசின் ‘நம்ம கிளினிக்’ போதும். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு பௌரிங் அரசு மருத்துவமனை. புராஸ்டேட், பை, சிறுநீரகம் என்று தெரிந்தால் விக்டோரியா மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே அரசின் நெஃப்ரோ யூராலஜி நிறுவனம் தனியாக இருக்கிறது. கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். முதுகுத்தண்டு, நடுக்கவாதம், வலிப்பு சம்பந்தம் இருந்தால் மூளை நரம்பு மருத்துவமனையான நிம்ஹான்ஸ்; அங்கே பி.பி.எல். கார்டுக்குச் சலுகை உண்டு, கார்டின் அசலை எடுத்துப் போங்கள்.

கவுண்டரில் சொல்லக் கூச்சப்பட்டு ‘யூரின் பிராப்ளம்’ என்று மட்டும் சொன்னால் ஜெனரல் மெடிசின் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள், அரை நாள் போய்விடும். ‘ராத்ரி நித்தெயல்லி மூத்ர ஹோகுத்தெ’ என்று கன்னடத்தில் ஒரே வரி சொல்லுங்கள். பௌரிங்கில் தமிழிலேயே சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்ப்பவர்கள், தேதி குறித்துச் செய்யும் அறுவை என்றால் 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூரில் விசாரியுங்கள். பஸ் கட்டணத்தோடு காரியம் முடியலாம்.

வரி கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 60 வயது தாண்டிய பெற்றோருக்குக் காப்பீடே இல்லாவிட்டால், அவர்களுக்குச் செய்யும் மருத்துவச் செலவில் வருடம் 50,000 ரூபாய் வரை வருமான வரியில் கழிவு கேட்கலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது, யு.பி.ஐ.யோ கார்டோ வேண்டும். அதனால் லேப், ஸ்கேன் பில்லைக் கையில் காசாகக் கொடுக்காதீர்கள்.

வார்டு_சிஸ்டர்

ஸ்கேன் என்றதும் ஞாபகம் வந்தது. சீட்டில் வெறுமனே வயிற்று ஸ்கேன் என்று எழுதினால் பையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கவே மாட்டார்கள். ‘கே.யு.பி. வித் போஸ்ட் வாய்ட் ரெசிடுவல்’ என்று எழுதி வாங்குங்கள். வெளியில் எடுத்தாலும் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கீழேதான். இதோடு சிறுநீர் ரொட்டீன், கல்ச்சர், எச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி), கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ஏறும் எண்). இத்தனையும் கையில் இருந்தால் யூராலஜி டாக்டரிடம் முதல் தடவையிலேயே பாதிக் காரியம் முடியும்.

ஸ்கேனில் ஒரு கோளாறு நடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். பை அளவுக்கு மேல் நிரம்பிவிட்டால் நல்ல பையே முழுதாகக் காலியாகாது, மிச்சம் தப்பாக அதிகம் காட்டும். எண் அதிகமாக வந்தால் ‘இன்னொரு தடவை போய்விட்டு வருகிறேன், மறுபடி பாருங்கள்’ என்று கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. 50 மில்லிக்குள் இருந்தால் நிம்மதி. 300ஐத் தாண்டினால் தேக்கம்.

கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ஆனால் ரொட்டீனில் சீழ் அணுக்கள் நிறைய என்று மறுபடி மறுபடி வந்தால் சிறுநீர்ப் பாதைக் காசநோயைத் தேடச் சொல்லுங்கள். பையைச் சுருட்டிவிடும் நோய் அது. பரிசோதனையும் மருந்தும் அரசில் முழு இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் தருகிறார்கள்.

பிஜி_அறை_12

இது வேறு கேள்வி. வயது 24, சின்ன வயதிலிருந்தே, வாரத்தில் இரண்டு மூன்று நாள். பகலில் எந்தத் தொந்தரவும் இல்லை. பி.ஜி.யில் மூன்று பேர் ஒரு அறை. டெஸ்மோபிரசின் மாத்திரை ஆன்லைனில் வாங்கலாம் என்று படித்தேன். வாங்கலாமா?

சீட்டுக்கு_மருந்து

தம்பி, முதலில் ஒரு விஷயம். குழந்தையிலிருந்தே விடாமல் இருப்பது சோம்பேறித்தனமோ மனக்கோளாறோ இல்லை. பெரும்பாலும் பரம்பரை. நூறு பெரியவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கிறது. உங்கள் பி.ஜி. கட்டடத்திலேயே இன்னொருவர் இருக்கலாம்.

டெஸ்மோபிரசின் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் உதவும் மருந்துதான். ஆனால் டாக்டர் சீட்டில்லாமல் கூடாது. அது ராத்திரிக்கு சிறுநீர் ஊறுவதைக் குறைக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டு வழக்கம் போலத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. அதனால் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை வாய் நனைக்க மட்டும் தண்ணீர். பீர் குடித்த நாள், காய்ச்சல், வாந்தி, பேதி உள்ள நாள் மாத்திரை கிடையாது. தொடங்கும் முன் சோடியம், முதல் வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். சோடியம் பரிசோதனை செலவு குறைந்தது, அதை மிச்சம் பிடிக்காதீர்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இதற்கு வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் படுக்கை நனைவதற்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியதே சோடியம் இறங்கியதால்தான்.

ரவி அண்ணா, இதைப் படித்துவிட்டு 68 வயதுக்காரருக்கு வாங்கிவிடாதீர்கள். 65க்கு மேல் சோடியம் இறங்கும் ஆபத்து பல மடங்கு. பையை இளக்கும் சோலிஃபெனசின், ஆக்ஸிபியூட்டினின் வகையும் அப்படித்தான்: தேங்கும் பைக்குக் கொடுத்தால் முழுதாக அடைத்துவிடும்.

வார்டு_சிஸ்டர்

அறை 12 தம்பிக்கு மாத்திரையோடு அலாரமும் உண்டு. உள்ளாடையில் ஒரு சென்சார், ஈரம் பட்டதும் எழுப்பும். ஒலிக்காமல் அதிர மட்டும் செய்யும் வகையை வாங்குங்கள், அறையில் மற்றவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று தூக்கிப் போடுகிறார்கள், அங்கேதான் தோற்கிறது. 14 ராத்திரி தொடர்ந்து காய்ந்திருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். போனில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போவது அன்றைய படுக்கையைக் காப்பாற்றும், நோயைத் தீர்க்காது. ஊருக்குப் பஸ்ஸில் போகும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு_பாலா

டயப்பர் கேள்வி அப்படியே நிற்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அளவு: இடுப்பையும் பிட்டத்தின் அகலமான இடத்தையும் டேப்பால் அளந்து, பெரிய எண்ணுக்கு வாங்குங்கள். ‘பெரிதாக இருந்தால் அதிகம் தாங்கும்’ என்று எக்ஸ்ட்ரா லார்ஜ் வாங்கினால் தொடை ஓரத்தில் இடைவெளி விட்டு ஒழுகும். நடக்கிறவருக்குப் பேண்ட் டைப் சௌகரியம். ஆனால் ராத்திரிக்கு மட்டும் என்றால் டேப் டைப் விலையும் குறைவு, தாங்குவதும் கூடுதல்.

கட்டுவதில்தான் பாதி இருக்கிறது. டயப்பரை நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் படகு போல ஆக்குங்கள், உள்ளே இருக்கும் இரண்டு மடிப்பு ஓரங்களும் எழுந்து நிற்கும். அவை தொடை இடுக்கில் நிற்க வேண்டும், உள்ளே மடங்கிக் கிடந்தால் அந்த ராத்திரி போச்சு. ஆண்களுக்குக் குறி கீழ் நோக்கி இருக்க வேண்டும். மேல் நோக்கி இருந்தால் வயிற்று ஓரமாகத்தான் வெளியே வரும், டயப்பர் பாதி காய்ந்தே இருக்கும். கீழ் டேப்பை முதலில், கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள். மேல் டேப்பை அப்புறம், கீழ் நோக்கிச் சாய்த்து. இடுப்பில் இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுவது வீண் செலவு. உள் டயப்பரின் பிளாஸ்டிக் அடிப்பாகம் தடுப்பதால் வெளி டயப்பருக்கு ஒரு சொட்டும் போகாது, ஓரத்தில்தான் வழியும். அடிப்பாகத்தில் பிளாஸ்டிக் இல்லாத செருகு பேட் என்றால் பரவாயில்லை.

படுக்கையை இரண்டு அடுக்காகப் போடுங்கள். மெத்தை மேல் நீர் புகாத உறை, அதன் மேல் விரிப்பு, அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் இன்னொரு விரிப்பு. இடுப்பு படும் இடத்தில் 60க்கு 90 சென்டிமீட்டர் அண்டர்பேட். நடுராத்திரி நனைந்தால் மேல் இரண்டையும் உருவி எடுத்தால் கீழே காய்ந்த படுக்கை தயார். யாரையும் முழுதாக எழுப்பி, விளக்குப் போட்டு, வீட்டையே எழுப்பும் வேலை இல்லை. பெரியவர்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல். துவைத்து மறுபடி போடும் துணி அண்டர்பேட் மூன்று வாங்கிச் சுழற்றினால் சில மாதத்திலேயே விலை எடுத்துவிடும். அதற்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் போடாதீர்கள், துணி உறிஞ்சாது.

நாற்றத்துக்கு: முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பக்கெட்டில் ஒரு கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊற வைத்து, அப்புறம் சோப்பு. பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ சிறுநீர் படிந்த துணியில் நேராகக் கொட்டாதீர்கள், கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு வரும். வினிகரோடும் பிளீச் சேரக் கூடாது.

தோல்: காலையில் மிதமான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிசாக. வாசலினை அப்பினால் டயப்பரின் மேல் துணி அடைத்துக்கொண்டு உறிஞ்சாது. இடுக்கில் சிவந்து ஓரத்தில் சின்னச் சின்னப் பொரியாக வந்தால் பூஞ்சை, குளோட்ரிமசோல் வேண்டும். பவுடர் வேண்டாம்.

போட்ட டயப்பரைச் சுருட்டி அதன் டேப்பாலேயே கட்டி, செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பெங்களூரில் குப்பை எடுப்பவர்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் பிரிக்காமல் விடுகிறார்கள். அவர்கள் கையும் கைதானே.

அல்சூர்_செல்வி

ஆண்களுக்கு ஆணுறை மாதிரி மாட்டிப் பையில் விழச் செய்வது இருக்கிறதே, டயப்பரை விட மலிவா?

பராமரிப்பு_பாலா

கான்டம் கதீட்டர். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு லிட்டர் யூரோபேக் ஒன்றைச் சில நாள் வைத்துக்கொள்ளலாம், அதனால் பலருக்கு மலிவுதான். விட்டத்தை அளந்து 25, 30, 35 மி.மீ. என்று சரியான அளவு வாங்க வேண்டும். முடியைக் கத்தரித்து, கழுவிக் காய வைத்து, நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விட்டு உருட்டி ஏற்றுங்கள். இடமே விடாமல் மாட்டினால் தோல் உரசிப் புண்ணாகும், அதிகம் விட்டால் முறுக்கிக்கொண்டு அடைக்கும். சாதாரண பிளாஸ்டரைச் சுற்றிக் கட்டவே கூடாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும். யூரோபேக் எப்போதும் படுக்கை மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். சிறுநீர்ப்பையில் தேங்குபவர்களுக்கு இது தீர்வே இல்லை, வழிவதை மட்டும் மறைக்கும். ஸ்கேனுக்கு அப்புறம்தான் இதைப் பற்றி யோசியுங்கள்.

ஒக்கலிபுரம்_ரவி

மூன்று நாள் நோட்டு முடிந்தது. பகலில் ஒரு தடவைக்கு 60 முதல் 90 மில்லி, ஒரு நாளைக்கு 14 தடவை. ராத்திரி டயப்பர் இரண்டும் சேர்ந்து 530, காலையில் 90. மொத்தம் 1,650. இன்று ஸ்கேன் எடுத்தோம். போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் 460. மறுபடி போகச் சொல்லிப் பார்த்தும் 440. இரண்டு சிறுநீரகத்திலும் லேசான வீக்கம் என்று போட்டிருக்கிறார்கள். கிரியாட்டினின் 2.1. அவருக்கு வலியே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

வார்டு_சிஸ்டர்

தம்பி, இன்றைக்கே கூட்டிப் போங்கள். பை நிரம்பி, அழுத்தம் மேலே ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட ஆரம்பித்திருக்கிறது. வலி இல்லை என்பதைப் பார்க்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் சிறுநீர் டியூப் போட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டாம். பல நாள் தேங்கியது வடியும்போது சிலருக்கு மணிக்கு 200 மில்லிக்கு மேல் கொட்ட ஆரம்பிக்கும், உப்பும் தண்ணீரும் சேர்ந்து போய் பி.பி. இறங்கிவிடும். மணிக்கு மணி அளந்து, சோடியம் பொட்டாசியம் பார்த்து, தேவைப்பட்டால் சலைன் ஏற்றும் இடத்தில் ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையை டியூப் போட்ட கையோடு எடுக்காமல், எப்போது எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தேக்கத்தாலும் டியூபாலும் அந்த எண் பொய்யாக ஏறி வீண் பயத்தைக் கொடுக்கும்.

கார்டு_கவுண்டர்

விக்டோரியா வளாகம்தான் சரி. ரேஷன் கார்டு அசல், பெரியவரின் ஆதார், ஆதாரோடு இணைந்த போன், ஸ்கேன் ரிப்போர்ட், அந்த நோட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அட்மிஷன் போட்ட உடனே ஆரோக்ய கர்நாடகா கவுண்டரில் பதிந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று போய்க் கேட்டால் முன் அனுமதி வாங்கவில்லை என்பார்கள். ஏ.பி.எல். கார்டுக்கு மீதி 70 சதவீதம் உங்கள் பொறுப்பு, ஆனால் அது அரசுப் பேக்கேஜ் விலையில்.

சீட்டுக்கு_மருந்து

புராஸ்டேட் அடைப்பைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 எழுதினால் மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி) கேளுங்கள், பிராண்டு விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். சீட்டில் மூலப்பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. எழும்போது தலை சுற்றும், ஆம்லோடிபினும் இருப்பதால் கூடுதலாகச் சுற்றும்: கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். பின்னால் கண்புரை ஆபரேஷன் வந்தால் இந்த மாத்திரை சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள், கருவிழி தளர்ந்து அறுவையில் தொல்லை தரும்.

ஒக்கலிபுரம்_ரவி

ஆட்டோ வந்துவிட்டது, கிளம்புகிறோம். டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால் எதைப் பார்க்க வேண்டும்?

வார்டு_சிஸ்டர்

யூரோபேக் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். பாதி நிரம்பியதும் காலி செய்யுங்கள். டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி வைத்தால் இழுபடாது. தினம் சோப்புத் தண்ணீரால் டியூப் நுழையும் இடத்தைக் கழுவுங்கள், டெட்டால் வேண்டாம். நாலு மணி நேரமாகப் பையில் எதுவும் விழவில்லை என்றால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். மடங்கவில்லை என்றால் அந்த ராத்திரியே திரும்பி வாருங்கள். எத்தனை தேதிக்குள் மாற்ற வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள் தம்பி.